சாக்ஸ் போட்ட பாட்டில்

பல்செட்டுக்காரி என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அந்த அளவுக்குப் பல் கட்டித் தருகிற லேபில் அவளுக்குப் பதினெட்டு வருஷ வேலை. அவளும் இன்னும் நாலு பெண்களும் ஒரு நீள மேஜையில் உட்கார்ந்து, ரோஸ் மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, உரசி, மெருகேற்றி அனுப்புவார்கள். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அந்த மேஜையில் செய்த பல்லில்தான். பேர் என்னவோ டாக்டருக்கு. ஒருநாள் பஸ்ஸில் ஒரு அம்மாள் வாயைத் திறந்து காட்டி, "எங்க டாக்டர் என்னமா கட்டியிருக்காரு பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் பீற்றிக்கொண்டிருந்தாள். இவள் பின் சீட்டில் இருந்தாள். அந்தக் கோரைப்பல் இவள் நட்டது. இவள் அதைக் கொஞ்சம் சாய்த்து நடுவாள், அதனால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி, அது வேலை. சம்பளம் கொடுக்கிறார்கள், பேரை எடுத்துக்கொள்கிறார்கள், தொலையட்டும். வீட்டுக்குள்ளேயும் அதே கூத்து நடந்தால் ஒரு மனுஷிக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

மாதத்தில் மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் அவர்களுக்கு ஒயின் சாப்பாடு. ஒரு மாதம் இவள் வீட்டில், ஒரு மாதம் ஈர்க்குச்சி வீட்டில், ஒரு மாதம் நாத்தனார் வீட்டில். ஈர்க்குச்சி என்பவர் இவள் புருஷனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். அப்போது வைத்த பேர். இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறார், கடைக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைகிறார், பேர் மட்டும் இளைத்தபடியே இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் கடையில் அவர் மனைவி உட்காருவார், அதனால் அவர் மட்டும் வருவார்.

இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்கு ஒரு பாட்டில். உள்ளே நுழைந்ததும் பாட்டிலுக்கு ஒரு பழைய நீள சாக்ஸை மாட்டிக் கழுத்துவரை இழுத்துவிட வேண்டும். மேலே ஒரு நம்பர் குத்தியிருக்கும். எது யார் கொண்டுவந்தது, என்ன கம்பெனி, ஒன்றும் தெரியாமல் குடித்துவிட்டு ஆளாளுக்குச் சீட்டில் பத்துக்கு மார்க் போடுவார்கள். அப்புறம்தான் சாக்ஸைக் கழற்றி லேபிளைப் படிப்பது. மார்க்கில் கடைசியாக வந்தவர் எல்லாக் கிளாசையும் கழுவ வேண்டும். முதலாக வந்தவர் அடுத்த மாதம்வரை காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

சட்டத்தைக் கொண்டுவந்தது நாத்தனார் புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எப்போதோ பத்து நாள் வெளிநாட்டுச் சுற்றுலா போனவர், அதில் ஒன்றரை நாள் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருந்திருக்கிறார். அந்த ஒன்றரை நாளை வைத்து ஒன்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். கிளாசை ஸ்டியரிங் மாதிரி பிடித்துச் சுற்றுவார், மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார், "ம்ம்ம்" என்பார். இவள் மனசுக்குள் அவருக்கு வைத்த பேர் நிபுணர். வாயில் கூப்பிடுவது அண்ணே.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இவளே ஒயின் போட்டாள். கறுப்புத் திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, இருபத்தொரு நாள் மரக் கரண்டியால் கிளறி, வடிகட்டி, ஆறு மாதம் கண்ணாடி ஜாடியில் வைத்திருந்து, ஒரு சனிக்கிழமை மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். சாக்ஸ் மாட்டவில்லை. நான் போட்டதை நான் எதற்கு ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

நிபுணர் ஒரு வாய் உறிஞ்சினார். எழுந்துபோய் வாஷ்பேசினில் துப்பினார். "தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. இதை சாலட்ல ஊத்தலாம். ஜன்னல் கண்ணாடி துடைச்சா பளபளன்னு இருக்கும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார். கட்டிய புருஷன், டைல்ஸ் கடை மேனேஜர், வயிறு குலுங்க முதல் ஆளாகச் சிரித்தாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அவர் அதைக் குடித்துக்கூடப் பார்க்கவில்லை. அதிலிருந்து அந்த மேஜையில் அவள் தண்ணீர் தவிர ஒன்றும் தொடுவதில்லை. சமைப்பாள், பரிமாறுவாள், கேட்டால் தலைவலி என்பாள்.

ஆனால் ஒயின் போடுவதை விடவில்லை. லேபில் அந்த மேஜையின் தலைமாட்டில் உட்கார்கிற பெரியக்கா இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். இவளுக்கு முதல் பல்லை நடக் கற்றுக்கொடுத்த மனுஷி. அவர் கடைசி நாளில் அஞ்சு பேரும் உட்கார்ந்து ஆசை தீரக் குடிக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். அதற்காகப் பதினைந்து லிட்டர் ஜாடியில் மூன்று போட்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அலமாரியில் வைத்திருந்தாள். முதல் ஜாடிக்கு நல்ல பழம் கிடைத்தது, அது தனி ருசி. மற்ற ரெண்டும் அதற்குப் பின்னால் போட்டவை.

அந்த முதல் ஜாடியில்தான் மட்டம் இறங்க ஆரம்பித்தது.

பல்லில் ஒரு நூல் அளவு ஏறினாலும் இறங்கினாலும் கண்டுபிடிக்கிறவள் அவள். ஜாடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கோட்டுக்கு ரெண்டு விரல் கீழே. தரையைத் துடைத்துப் பார்த்தாள், கசிவு இல்லை. மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினாள். அடுத்த மாதம் இன்னும் ரெண்டு விரல். வளையத்தை இரட்டையாகப் போட்டாள். அதற்கடுத்த மாதமும் அதே ரெண்டு விரல். யாராவது எடுக்கிறார்களோ என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. ஜன்னல் துடைக்கிற தண்ணீரை எவன் திருடுவான்? மூடி சரியில்லை, ஒயின் ஆவியாகிறது, போன இடத்தில் காற்று நுழைகிறது, காற்று நுழைந்தால் ஒயின் கெட்டுவிடும் என்று கணக்காக ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நாக்கை அவளே நம்பவில்லை. அந்த நாக்குதானே முதல் தடவையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி மானத்தை வாங்கியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜாடியைக் கொட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது. தனியாகத் தூக்க முடியாமல் புருஷனைக் கூப்பிட்டாள், அவர் வந்து மறுபக்கம் பிடித்தார். ரெண்டு பேருமாக பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாய்த்தார்கள். கருஞ்சிவப்பாக ஓடி வடிகாலில் சுழித்து இறங்கியது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். "விடும்மா, வேற போட்டுக்கலாம்" என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் லேபில் போய், "அக்கா, நல்ல ஜாடி கெட்டுப்போச்சு, எனக்குக் கைராசி இல்ல" என்று சொன்னாள். பெரியக்கா, "போனாப் போகுது விடு, உன் கண்ணு ஏன் இப்படி வீங்கியிருக்கு" என்றார். மீதி ரெண்டு ஜாடிக்காவது காற்றுப் போகக் கூடாது என்று லேபிலிருந்து ரோஸ் மெழுகு கொண்டுவந்து, உருக்கி, மூடியைச் சுற்றி ஒரு சுற்றுப் பூசிக் கத்தியால் வழித்துவிட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் ஏழு மாதமாக ஒயின் சாப்பாட்டில் தோற்கவே இல்லை. எட்டு, எட்டு, ஒன்பது என்று மார்க் குவிந்தது. டைல்ஸ் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொடுத்து அனுப்புகிறார்கள் என்றார். சாக்ஸைக் கழற்றினால் வாயில் நுழையாத பாஷையில் தங்க எழுத்து லேபிள். ஒவ்வொரு மாதமும் அதே லேபிள், லேபிளில் அதே மூலைக் கிழிசல். காலிப் பாட்டிலை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கேட்டால் லேபிள் சேர்க்கிறாராம். "இதுல சாயங்கால வெயில் தெரியுது, மலைச்சரிவுல விளைஞ்ச பழம்" என்று நிபுணர் அந்த ஒயினுக்கு ஜாதகமே எழுதியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை முறை இவள் வீடு. காலையில் கறி வாங்க மார்க்கெட் போய்வந்து, வறுத்து, உருளைக்கிழங்கு வேகவைத்து, ரொட்டி நறுக்கி வைத்தாள். பன்னிரண்டரைக்கு மூன்று பாட்டிலும் சாக்ஸோடு மேஜையில் நின்றன. ஒன்று, ரெண்டு குடித்தாகிவிட்டது. மூன்றாம் நம்பரை ஊற்றினார்கள். இவள் வறுவல் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்தபோது நிபுணர் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அதே தோட்டம்தான். ஆனா போன தடவையைவிட இது கொஞ்சம் இளசு" என்றார். திடீரென்று நாக்கு நுனியிலிருந்து எதையோ விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஆகா, பாத்தீங்களா? வண்டல். விலை உயர்ந்த ஒயின்ல மட்டும்தான் இது படியும். தோட்டக்காரனே எனக்குக் காட்டினான்."

ஈர்க்குச்சி எட்டிப் பார்த்தார். "ரோஸ் கலர்ல இருக்கே."

"நல்ல வண்டல் ரோஸ்லதான் இருக்கும்."

தட்டைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும், அவளுக்கு நேர்மாறு, கை நிதானமாகிவிடும். நிபுணரின் விரல் நுனியில் இருந்தது பதினெட்டு வருஷமாக அவள் நகக்கண்ணில் இருக்கிற மெழுகு. அந்தத் தெருவில், அந்தப் பேட்டையில், அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிற ஒரே ஆள் அவள்.

"அதை இப்படிக் குடுங்க அண்ணே, நான் போட்டுடறேன்" என்று வாங்கிக்கொண்டாள். மாடிப்படி அலமாரியைப் போய்த் திறந்தாள். ரெண்டாவது ஜாடியின் மூடியைச் சுற்றி மெழுகு விண்டு விண்டு இருந்தது. லைட்டரைக் காட்டி இளக்கிப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை களிமண் பிடித்த மாதிரி இருந்தது அந்த லட்சணம். பென்சில் கோட்டுக்கு ரெண்டு விரல் கீழே மட்டம். ஜாடிக்குப் பின்னால் ஒரு புனல், இன்னும் ஈரம் காயவில்லை.

ரெண்டு விரல். மாதத்துக்கு ரெண்டு விரல். அட பாவி மனுஷா.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. ரப்பர் வளையம் வாங்கக் கடை கடையாக அலைந்தது, கைராசி இல்லை என்று பெரியக்காவிடம் சொன்னது, தன் நாக்கையே நம்பாமல் போனது, எல்லாவற்றையும் இந்த மனுஷன் பார்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவருக்கு நெய்யும் பெண்டாட்டியுடையதுதான், ஊராருக்கு வார்த்து ஊட்டியது மட்டும் இவர் கை.

அவள் திரும்பி வந்தபோது மார்க் எண்ணியாகிவிட்டது. மூன்றாம் நம்பருக்கு எட்டு, அதுதான் முதல். கடைசியாக வந்த ஈர்க்குச்சி கிளாஸ் கழுவ வேண்டியவர், கவலையே இல்லாமல் புருஷன் தோளில் கை போட்டிருந்தார்.

"டேய், அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். அன்னைக்கு விருந்துக்கு இதே ஒயின் பன்னெண்டு பாட்டில் வரவழைச்சுக் குடுடா."

"உனக்கில்லாததா? ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார் புருஷன்.

பன்னிரண்டு பாட்டில். பெரியக்காவுக்கு வைத்திருந்த ஒயின்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

அடுக்களைக்கு வந்தவரைக் கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் அந்த மெழுகுத் துணுக்கை வைத்தாள். "இது என்ன?"

அவர் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார்.

"எத்தனை மாசமா?"

"மெதுவாப் பேசும்மா."

"மெதுவாத்தான் பேசுறேன். எத்தனை மாசமா?"

"ஏழு இருக்கும்." மெழுகை விரலில் உருட்டினார். "முதல் தடவை வாங்க மறந்துட்டேன். கடையும் அடைச்சாச்சு. சும்மா அவசரத்துக்கு ஊத்தினேன். கடைசியா வந்து கிளாஸ் கழுவிட்டுப் போயிடலாம்னுதான் நினைச்சேன். அது போய் ஜெயிச்சிருச்சு."

"ஜெயிச்ச அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? அத்தான் அவ்வளவு பேசிட்டாரு, மலைச்சரிவு, வெயிலுன்னு. அவர் மூஞ்சி என்னாகும்?"

"என் மூஞ்சி?"

"உனக்கு இப்ப என்ன குறைஞ்சு போச்சு? ஜெயிச்சது உன் ஒயின்தானே? உன் பேரைச் சொல்லி வெச்சிருந்தா ஒருத்தராவது வாயில வெச்சிருப்பாங்களா? நான் வெச்சதாலதான் குடிச்சாங்க. யோசிச்சுப் பாரு, ஒரு விதத்துல உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

அதில் பாதி நிஜம். அவள் பேரைச் சொன்னால் துப்பியிருப்பார்கள். ஒருமுறை துப்பினார்கள். ஆனால் துப்பினவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று, இவள் கையில் என்ன இருக்கிறது தெரியுமா என்று கேட்க வேண்டிய வாய் எது? அந்த வாய்தானே முதலில் சிரித்தது. சிரித்த வாய்தானே ஏழு மாதமாக அதைக் குடித்துவிட்டுக் காலரைத் தூக்கியது.

"போய்ச் சொல்லுங்க. இது என் பொண்டாட்டி போட்டது. நாலே வார்த்தை."

"சாப்பிட்டு முடிக்கட்டும்மா."

"நாலு வார்த்தை சொல்ல வயிறு நிறையணுமா? நீங்க சொல்றீங்களா, நானே போய்ச் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்காக வருத்தப்படுகிற குரலில் சொன்னார். அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. ஏனென்றால் அதுவும் உண்மை.

"அதனாலதான் உங்களைச் சொல்லச் சொல்றேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். போங்க."

அவர் போனார். ஸ்பூனால் கிளாசைத் தட்டினார். அவள் அடுக்களை வாசலில் நின்றாள். இப்போது சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால் போதும், இந்த ஏழு மாதத்தையும் எப்படியாவது விழுங்கிவிடலாம் என்றுதான் நின்றாள். சத்தியமாக அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவர் இருபது வருஷமாக டைல்ஸ் விற்கிறவர். நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் வியாபாரம் தானாக வந்துவிடும். "உங்க எல்லாருக்கும் இன்னைக்கு ஒரு பெரிய ரகசியம் சொல்லப்போறேன்" என்று ஆரம்பித்தார். கடை அடைத்திருந்ததைச் சொன்னார். படிக்கு அடியில் டார்ச் அடித்துப் புனலைத் தேடியதை நடித்துக் காட்டினார். பழைய பாட்டிலில் ஊற்றும்போது கை நடுங்கியது, சாக்ஸ் மாட்டும்போது வியர்த்தது, அத்தான் கண்ணை மூடி "மலைச்சரிவு" என்றபோது சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டது, எல்லாம் வந்தது. நாத்தனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த நாலு வார்த்தையும் நடுவில் எங்கேயோ வந்துபோனது. அதைச் சொல்லும்போது அவர் மூச்சுகூட விடவில்லை, அடுத்த நகைச்சுவைக்குத் தாவிவிட்டார்.

நிபுணர் முகம் முதலில் சுருங்கியது. சுற்றிலும் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்ததும் அதுதான் தப்பிக்க வழி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். "கில்லாடிடா நீ. ஏழு மாசம் என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கியே. முழுப் பூசணிக்காயை இல்ல சோத்துல மறைச்சிருக்க."

"பள்ளிக்கூடத்துலயே இவன் இப்படித்தான்" என்று ஈர்க்குச்சி முதுகில் அறைந்தார். "அப்ப பன்னெண்டு பாட்டில் இன்னும் சுலபமாப் போச்சு. வீட்டுலயே இருக்குல்ல?" அதையும் அவர் புருஷனைப் பார்த்துத்தான் கேட்டார்.

கிளாசைத் தூக்கினார்கள். அவருடைய மூளைக்கு, அவருடைய சாமர்த்தியத்துக்கு. அவர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஒயினைத் திருடி ஒரு பேர் வாங்கினார், திருடினேன் என்று சொல்லி அதைவிடப் பெரிய பேர் வாங்கிவிட்டார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

நிபுணருக்கு அப்போதுதான் அவள் வாசலில் நிற்பது ஞாபகம் வந்தது. "தங்கச்சி, உனக்கும் ஒரு சபாஷ். நல்ல முன்னேற்றம். என்ன ஒண்ணு, அந்த வெளிநாட்டுப் பாட்டில்ல இருந்ததால ஒரு மெருகு ஏறியிருக்கும் பாரு, அதுதான் விஷயம்."

காலையில் ஊற்றி மத்தியானம் குடித்த ஒயின். பாட்டில் மெருகேற்றியதாம்.

"ஏங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "போன மாசம் அந்த ஜாடியைக் கொட்டினோமே."

புருஷன் சிரிப்பு வாயிலேயே நின்றது.

"எந்த ஜாடி?" என்று கேட்டாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"மூணு ஜாடி போட்டிருந்தேன் அண்ணி. முதல் ஜாடியில மட்டம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. காத்து போய்க் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கொட்டிடலாம்னு தூக்கினா தனியாத் தூக்க முடியல. இவரைக் கூப்பிட்டேன். இவர்தான் மறுபக்கம் பிடிச்சாரு. பாத்ரூம்ல கொட்டிட்டு நான் உக்காந்து அழுதேன், இவர் முதுகைத் தட்டிக்குடுத்தாரு." புருஷனைப் பார்த்தாள். "அதுக்கு முந்தின நாள் மத்தியானம்தான் அண்ணி வீட்டுல அதுக்கு ஒன்பது மார்க் போட்டிருக்காங்க. அது கெடலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

ஈர்க்குச்சி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். புருஷன் அக்காவைப் பார்த்தார், சாக்ஸைப் பார்த்தார், தரை டைல்ஸைப் பார்த்தார். எதையாவது சொல்லி இவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தேடினார். தேடிக் கிடைத்ததை எடுத்து, ஆறுதலாகவே சொன்னார்.

"இன்னும் ரெண்டு ஜாடி இருந்துச்சேம்மா."

"டேய்" என்றாள் நாத்தனார்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜையில் உட்கார்ந்தாள். ரெண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மூன்றாம் நம்பர் பாட்டிலின் சாக்ஸைக் கழற்றித் தரையில் போட்டாள், ஒரு கிளாசை எடுத்துத் தனக்கு ஊற்றிக்கொண்டாள். மூக்கை உள்ளே விடவில்லை, கண்ணை மூடவில்லை. ஒரு வாய் நிறையக் குடித்தாள். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. மட்டமாக இருந்திருந்தால்கூட இந்த மனுஷனை ஒருநாள் மன்னித்திருக்கலாம் என்று தோன்றியது.

நிபுணர் நல்ல மனசோடுதான் ஒரு சீட்டையும் பென்சிலையும் அவள் பக்கம் நகர்த்தினார். "நீயே சொல்லு தங்கச்சி. இதுக்கு எத்தனை மார்க் போடுவ?"

"இதுக்கு நீங்க போட்ட எட்டு சரிதான் அண்ணே" என்றாள் அவள். "நீங்க ஒன்பது போட்டது அந்த ஜாடிக்கு. நாங்க ரெண்டு பேரும் பிடிச்சுக் கொட்டினதுக்கு."

அப்புறம் யாரும் கிளாசைத் தொடவில்லை. அவள் மட்டும் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.